மாவுப் பசை

எனக்குத் திருட்டுத் தீனிக்காரின்னு பட்டம் கட்டினது வெளியாளு இல்ல, என் வீட்டுக்காரர்தான். வாயால சொல்லல. அவர் எதையும் வாயால சொல்ற ஆளே இல்ல. ஒரு நாள் வேலை முடிஞ்சு வந்து பாக்கறேன், சமையலறை அலமாரியில பூட்டு தொங்குது. பிள்ளைங்களுக்குன்னு வாங்கின ரொட்டி, பிஸ்கட், கோதுமை மாவு எல்லாம் உள்ள. சாவி அவர் சட்டைப்பையில. என்னங்க இதுன்னு கேட்டேன். உன் நல்லதுக்குத்தான்னு சொல்லிட்டு டிவி முன்னால போய் உக்காந்துட்டார். நாப்பத்திரெண்டு வயசுல, ரெண்டு பிள்ளை பெத்தவளுக்கு இந்த மரியாதை. வந்த ஆத்திரத்துல அன்னைக்கு அடுப்பே பத்த வைக்கல. அவர் பாட்டுக்குப் பூட்டைத் திறந்து பிள்ளைங்களுக்கு ரொட்டி எடுத்துக் கொடுத்துட்டு மறுபடி பூட்டிட்டார். பட்டினி கிடந்தது நான் மட்டும்தான்.

எனக்கு செலியாக். கோதுமை ஒரு துணுக்கு உள்ள போனாலும் என் குடல் தன்னைத்தானே அரிச்சுக்குமாம். டாக்டரம்மா படம் வரைஞ்சு காட்டினாங்க. மருந்து கிடையாது, கோதுமையை அடியோட விடறதுதான் மருந்து. விட்டேன். ரெண்டு வருஷமா சோறு, காய், முட்டை, மீன். கடையில எந்தப் பொட்டலத்தை எடுத்தாலும் பின்னாடி இருக்கற பொடி எழுத்தைப் படிக்காம வாங்கறதில்ல. பற்பசை டப்பாவைக்கூடப் படிச்சிருக்கேன். கல்யாண வீட்டுக்குப் போனா டிபன் பாக்ஸோட போவேன். ரொம்பத்தான் பண்றாளேன்னு என் காதுபடவே பேசுவாங்க. பேசிட்டுப் போகட்டும்.

இவ்வளவு பண்ணியும் வயிறு அடங்கல. எடை நாப்பத்தோரு கிலோவுக்கு வந்துடுச்சு. சீப்பை எடுத்தா முடி கொத்துக் கொத்தா வருது. ரத்தத்துல ஒரு நம்பர் பாப்பாங்க, பத்துக்குக் கீழ இருக்கணும். எனக்கு நூத்து அறுபது, அடுத்த தடவை நூத்து எண்பது. டாக்டரம்மா கண்ணாடியைக் கழட்டி வச்சுட்டு, எங்க ரெண்டு பேரையும் பாத்துச் சொன்னாங்க. ஒண்ணு, நான் எங்கேயோ கோதுமை சாப்பிடறேன். இல்லன்னா இது பத்தியத்துக்கு அடங்காத ரகம். அது ரொம்ப அபூர்வம், ஆனா புத்துநோய் வரைக்கும் போகலாம். மூணு மாசம் பாப்போம், அப்பவும் இறங்கலன்னா மறுபடி வயித்துக்குள்ள குழாய் விட்டுப் பாத்துட்டு ஸ்டீராய்டு ஆரம்பிக்கணும். மறைக்காம சொல்லுங்க, எதாவது சாப்பிடறீங்களான்னு கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன். பக்கத்துல என் வீட்டுக்காரர் தரையைப் பாத்துட்டு உக்காந்திருந்தார். மறுநாள்தான் அந்தப் பூட்டு வந்துச்சு.

யோசிச்சுப் பாருங்க. நான் சாப்பிடலன்னு எனக்குத் தெரியும். அப்ப மத்தவங்களுக்கு ரெண்டு வழி, எனக்கு ஒரே வழிதான், அந்த அடங்காத ரகம்.  அந்தப் பயத்தை யார்கிட்டயாவது சொல்லலாம்னு வாயைத் திறந்தா, மொதல்ல நீ வாயைக் கட்டுங்கறாங்க.

இதே நோய் இருக்கறவங்க பத்துப் பதினோரு பேர் சேர்ந்து மாசம் ஒரு தடவை கூடுவாங்க, ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்கு மேல் மாடியில. நடத்தறது ஒரு ரிட்டயர்டு டீச்சர். அங்க ஒரு பழக்கம். வட்டமா நாற்காலி போட்டு, ஒவ்வொருத்தரும் என்னென்ன சாப்பிட்டோம்னு எழுதின நோட்டையும் ரத்த நம்பரையும் சத்தமாப் படிக்கணும். இறங்கியிருந்தா எல்லாரும் கை தட்டுவாங்க. ஏறியிருந்தா டீச்சர் நோட்டை வாங்கிப் பாப்பாங்க. அன்னைக்கு நான் நூத்து எண்பதுன்னு படிச்சதும் டீச்சர் கையை நீட்டினாங்க. என் நோட்டை ஒவ்வொரு பக்கமாப் புரட்டிட்டு, இதுல எழுதாம விட்டது என்னன்னு உங்க மனசாட்சிக்குத் தெரியும்னு சொன்னாங்க. உண்மையா இருக்கறவங்களோட தைரியம் போயிடுமாம், அதனால நான் கொஞ்ச நாள் வராம இருக்கறது நல்லதாம். அதே நோய்க்காரங்க, அதே வயித்து வலிக்காரங்க, ஒருத்தர்கூட வாயைத் திறக்கல. உங்க கைதட்டலை நீங்களே வச்சுக்கங்கன்னு சொல்லிட்டு நோட்டைப் பிடுங்கிட்டு இறங்கி வந்துட்டேன். படியில கால் தடுக்கி விழப் பாத்தேன். அதுவும் அவங்களாலதான்னு திட்டிக்கிட்டே வந்தேன்.

என் வேலை பைண்டிங். அச்சகத்துக்குப் பின்னால தகர ஷெட். பள்ளிக்கூடப் புத்தகம்தான் அதிகம். மடிச்ச தாளை அடுக்கிக் கொடுப்பாங்க, நான் ஓரத்துல பசை தடவி முன்தாளும் பின்தாளும் ஒட்டணும், அப்புறம் அட்டை. எட்டு வருஷமா அதே மேஜை. ஒட்டிக் காஞ்சதை நானே அடுக்கிக் கட்டி வச்சா, அது கட்டிங் மெஷினுக்குப் போகும். அதுல நிக்கறவரை நாங்க எல்லாரும் கத்தின்னுதான் சொல்வோம். அவர் வாயும் அப்படித்தான்.

கத்திக்கும் எனக்கும் நாலு வருஷமாப் பேச்சு கிடையாது. ஒரு தடவை முன்னூறு புத்தகம் கோணலா வெட்டுப்பட்டு எழுத்தே போயிடுச்சு. முதலாளி எல்லாரையும் நிக்க வச்சுக் கேட்டார். அடுக்கு கோணலா இருந்தது என் தப்பு, பாக்காம மெஷினை இறக்கினது இவர் தப்புன்னு நான் எல்லார் முன்னாலயும் சொன்னேன். முதலாளி அவரைப் பிடிச்சுக் கிழி கிழின்னு கிழிச்சுட்டார். அன்னையிலேர்ந்து கத்தி என் மூஞ்சியைப் பாக்கறதில்ல. நான் எச்சில் தொட்டுத் தாள் பிரிக்கறேன், புத்தகமெல்லாம் எச்சிலாகுதுன்னு முதலாளிகிட்ட வாரத்துக்கு ஒரு தடவை வத்தி வைப்பார். ஈர ஸ்பாஞ்சு கொடுத்திருந்தாங்க. அது தாளை நனைச்சுடுது, எனக்கு நாக்குதான் வசதி. அவருக்குப் பிடிக்கலங்கறதுக்காகவே இன்னும் ரெண்டு தடவை தொடுவேன்.

மாடியிலேர்ந்து இறங்கி வந்த அந்த வாரத்துல ஒரு நாள், பதினோரு மணிக்கு வீட்டுக்காரர் போன். தினமும் அந்த நேரத்துக்கு வரும். என்ன சாப்பிட்டேன்னு கேப்பார். நான் கத்தற கத்துல என் நோயும் கோதுமையும் அந்தப் பூட்டும் ஷெட்டுக்கே தெரியும். விஷம் தின்னேன், வந்து அள்ளிட்டுப் போங்கன்னு ஷெட்டே திரும்பிப் பாக்கற மாதிரி கத்திட்டு போனை வச்சேன். மறுபடி பிரஷை எடுத்தேன். கண்ணுல தண்ணி, கையில பசை. விரலை நாக்குல வச்சுத் தாளைப் பிரிச்சேன்.

கட்டிங் மெஷின் நின்னுச்சு. கத்தி என் மேஜைக்கு எதிரே வந்து நின்னார்.

"இந்தாம்மா, அந்த விரலை வாயிலேர்ந்து எடு."

என் விரல், என் வாய், உங்க மெஷினைப் போய்ப் பாருங்கன்னு சொன்னேன். அவர் நகரல. மைதாங்கறது கோதுமைதானேன்னு கேட்டார். ஆமா, அதுக்கென்ன இப்போன்னேன். அவர் என் பசைச் சட்டியை எடுத்து என் மூக்குக்கு நேரா வச்சார்.

"இது எதுல காய்ச்சினது?"

நான் அந்தச் சட்டியையே பாத்துட்டிருந்தேன். தினமும் காலையில மைதாவை மூட்டையிலேர்ந்து கொட்டிச் சலிச்சு, தண்ணி விட்டுக் காய்ச்சறது யாரு? நான்தான். தும்மல் வர்ற அளவுக்கு மாவு பறக்கும். அப்புறம் நாள் முழுக்க அதே பசை காஞ்ச விரலை நாக்குல வச்சு வச்சு எடுக்கறேன். ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவையோ, கடவுளுக்குத்தான் தெரியும். பற்பசை டப்பாவைப் படிச்ச மகராசி, கண்ணு முன்னால இருந்த சட்டியைப் படிக்கல. பசைங்கறது எனக்கு வேலைச் சாமான். அதைச் சாப்பாடா ஒரு நாளும் நினைச்சதில்ல. வெக்கமா இருந்துச்சு. அதைவிட, உசிரு திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு. அப்படின்னா எனக்கு அந்த இன்னொரு ரகம் இல்லாமயும் இருக்கலாம்.

நான் திருடித் திங்கலன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன்.  

"அன்னைக்குப் பாதித் தப்பு உன்னோடதுன்னு நீயாத்தானே சொன்னே. யாரும் உன் மேல சந்தேகப்படல. பொய் சொல்றவளா இருந்தா மொத்தத்தையும் என் தலையில கட்டியிருப்பே. நீ திங்கலன்னா எங்கிருந்தோ உள்ள போகணும். ரெண்டு நாளா உன்னைத்தான் பாத்துட்டிருந்தேன்." போகத் திரும்பினவர் நின்னு, "அதுக்காக உன் மேல எனக்குப் பிரியம்னு நினைச்சுக்காத"ன்னார்.

எனக்கும் உங்களைக் கண்டா ஆகாதுன்னு சொன்னேன். சரின்னு தலையாட்டிட்டுப் போயிட்டார்.

முதலாளிகிட்டப் போய்ப் பசையை மாத்தணும்னு கேட்டேன். வாயில வைக்காத, கையைக் கழுவு, உன் ஒருத்திக்காக ஷெட்டை மாத்த முடியாதுன்னுட்டார். மாவு பறக்குதே, மூச்சோட தொண்டைக்குள்ள போகுதேன்னு கேட்டா, வேற வேலை தேடிக்கங்கறார். வெளிய வந்தேன். மத்தியானத்துக்கு மேல கட்டிங் மெஷின் சத்தமே கேக்கல. மாவுப் பசை போட்ட கட்டுங்களை இனிமே வெட்ட மாட்டேன், கத்தியில ஒட்டுதுன்னு அவர் முதலாளிகிட்ட சொல்லிட்டாராம். சுத்தப் பொய். பதினஞ்சு வருஷமா அவர் அதைத்தான் வெட்டிட்டிருக்கார். ரெண்டு நாள்ல வெட்டாத கட்டு ஜன்னல் உயரத்துக்கு ஏறிடுச்சு, பள்ளிக்கூடத்துலேர்ந்து போன் மேல போன். மூணாம் நாள் வாளி வாளியா வெள்ளைக் கோந்து வந்து இறங்குச்சு. மாவு மூட்டை வெளிய போச்சு.

கூட வேலை செய்யற பொம்பளைங்களுக்கு என் மேல கொலைவெறி. கோந்து நாறுதாம், விரல்ல இறுகித் தோலோட உரியுதாம், எல்லாம் இந்த மகராணிக்காகன்னு என் காதுல விழற மாதிரியே பேசினாங்க. தோல் உரிஞ்சது நிஜம்தான். என் விரலும்தான் உரிஞ்சுச்சு. ரெண்டு பேர் இன்னைக்கு வரைக்கும் என்கூடப் பேசறதில்ல. கத்தியும் பேசறதில்ல. ஸ்பாஞ்சுத் தண்ணி காஞ்சுபோயிருந்தா மட்டும், என் மேஜை பக்கமா வந்து தொண்டையைச் செருமுவார்.

வீட்டுக்காரர்கிட்டயும் பசை விஷயத்தைச் சொன்னேன். யாராவது பசையைத் திம்பாங்களா, நல்லாக் கதை விடறியேன்னு எழுந்து போயிட்டார். பூட்டு அப்படியே தொங்குச்சு. அதுக்கப்புறம் நான் ஒண்ணும் சொல்லல. பேப்பர் சொல்லட்டும்னு இருந்தேன்.

மூணு மாசம் கழிச்சு ரிப்போர்ட் வாங்க ரெண்டு பேரும் போனோம். அறுபத்திரெண்டு. டாக்டரம்மா பேப்பரைத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, என்னதான் பண்ணீங்கன்னு கேட்டாங்க. சட்டியையும் நாக்கையும் மாவு மூட்டையையும் சொன்னேன். அவங்க பேனாவை வச்சுட்டாங்க. அதேதான், வேலை என்னன்னு நான் அன்னைக்கே கேட்டிருக்கணும், என் தப்புன்னு சொன்னாங்க. இப்போதைக்குக் குழாயும் வேண்டாம், ஸ்டீராய்டும் வேண்டாம். இதெல்லாம் என் வீட்டுக்காரர் காதுல விழுந்துச்சு. பின்னால டீச்சருக்கு எப்படியோ சேதி போய், அடுத்த கூட்டத்துல நான் வந்து பேசணும்னு போன்ல எழுதியிருந்தாங்க. பதில் போடல. போடலாமான்னு இன்னும் முடிவு பண்ணல.

அன்னைக்கு ரிப்போர்ட்டோட வெளிய வந்து பஸ் ஸ்டாப்புக்கு நடந்தோம். நிழல்ல போய் நின்னதும் வீட்டுக்காரர், சரி விடு, இப்ப சரியாயிடுச்சுல்லன்னார்.

விட மாட்டேன்னு சொன்னேன். என்னைக் கண்டாலே ஆகாத ஒரு மனுஷன், நான் பொய் சொல்ல மாட்டேன்னு நம்பினார். பதினெட்டு வருஷம் கூடக் குடும்பம் நடத்தின உங்களுக்கு ஏன் தெரியல? பஸ்ஸுக்கு நின்னவங்க ரெண்டு பேர் திரும்பினாங்க. மெதுவாப் பேசுன்னு சொல்வார்னு பாத்தேன். சொல்லல. தரையைப் பாத்துட்டே நின்னார்.

"நீ திருடித் தின்னுட்டு இருக்கணும்னுதான் வேண்டிக்கிட்டேன்"னார். "நீ தின்னா அது ஒண்ணு. நீ திங்கலன்னா டாக்டர் சொன்ன அந்த இன்னொண்ணு. சாவியை ராத்திரி சட்டைப்பையிலயே விட்டுட்டுத்தான் தூங்குவேன். தினமும் காலையில அலமாரியைத் திறந்து பிஸ்கட்டை எண்ணுவேன். ஒண்ணு குறைஞ்சா போதும்னு இருக்கும். குறையவே இல்ல."

 அந்தப் பயம் எனக்கு இல்லையா, தினமும் குளியலறையில குழாயைத் திறந்து விட்டுட்டு அழுதேனேன்னு கேட்டேன்.

"தெரியும். கேக்கும்."

"கேட்டுட்டு என்ன பண்ணீங்க?"

"கதவுக்கு இந்தப் பக்கம் நின்னுட்டிருந்தேன்."

கையில இருந்த ரிப்போர்ட் ஃபைலாலேயே அவர் தோள்ல ஓங்கி ஒண்ணு வச்சேன். ஒரு கதவு. தட்டி உள்ள வந்திருந்தா நான் தனியா செத்துச் செத்துப் பிழைச்சிருக்க மாட்டேனே. இன்னொண்ணும் வச்சேன். எங்க பஸ் வந்து நின்னுச்சு, எல்லாரும் எங்களைப் பாத்துக்கிட்டே ஏறினாங்க. அவர் தடுக்கவும் இல்ல, நகரவும் இல்ல. மூணாவது அடிக்கு எனக்குக் கை ஓங்க வரல, அழுகைதான் வந்துச்சு.