எல்லாத்துக்கும் ஓம்

ஜோக்கிமுக்குக் கோபம் வந்து பல மாதங்கள் ஆகிவிட்டதை அனிற்றா முதலில் தன் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தாள்.

இருவரும் மன்னார்க்காரர். இத்தாலியின் பலெர்மோவில், ஒரேத்தோப் பக்கம், ஒரு பழைய கட்டடத்தின் மூன்றாம் மாடியில் குடியிருந்தார்கள். அவள் காலையில் இரண்டு சிஞ்ஞோராக்களின், அதாவது வசதியான இத்தாலிய அம்மாமாரின், வீடுகளில் துப்புரவு வேலை செய்தாள். அவன் மொண்டெல்லோக் கடற்கரையில் ஒரு மீன் உணவகத்தின் குசினியில் பொரிக்கிற இடத்தில் நின்றான். கலியாணம் கட்டிய நாளிலிருந்து இருவரும் ஒழுங்காகச் சண்டை பிடித்து வந்தவர்கள். கறிக்கு உப்பு, யன்னலைத் திறப்பதா பூட்டுவதா, யாருடைய சகோதரம் முதலில் போன் எடுக்கவேண்டும் என்று எதையும் அவர்கள் விட்டுவைத்ததில்லை.

போன மாரியில் ஜோக்கிமுக்கு நித்திரை குழம்பியது. படுத்தால் குசினிச் சத்தம் காதுக்குள் ஓடிக்கொண்டே இருந்தது. கூட வேலை செய்யும் தொத்தோ என்கிற சிசிலிக்காரன் ஒன்றைத் தன் வாயில் போட்டுக்கொண்டு ஒரு சின்னப் பைக்கற்றை நீட்டினான். உள்ளே சிவப்பும் மஞ்சளுமாக ஜெலி இனிப்புகள்.

"கனப்பா எண்ட சணல் செடியிலயிருந்து எடுக்கிறது. கஞ்சா இல்லை. கடையிலயே விக்கிறாங்கள். பழக்கமும் ஆகாது" என்றான் தொத்தோ.

ஜோக்கிம் ஒன்றைச் சப்பினான். அன்றைக்குச் சிறுபிள்ளை மாதிரி நித்திரை வந்தது. சில கிழமைகளில் ஒன்று போதாமல் போனது. இரண்டாக்கினான். பிறகு வேலைக்குப் போகுமுன் ஒன்று, காலைக் கோப்பியோடு ஒன்று. வெயில்காலம் தொடங்கியபோது எத்தனை என்று எண்ணுவதையே விட்டுவிட்டான். இனிப்புத்தானே என்று அனிற்றாவுக்கும் சொல்லவில்லை.

அனிற்றா கண்டதெல்லாம் ஒரு புதுப் புருசனைத்தான். குசினிச் சுவருக்குப் பச்சை அடிப்போமா என்று கேட்டாள். தலையாட்டி "ஓம்" என்றான். ஜேர்மனியில் இருக்கும் தன் தமக்கை மொனிகாவின் குடும்பத்தை உயிர்த்த ஞாயிறுக்குக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். அதற்கும் "ஓம்." மொனிகாவின் பிள்ளைகள் அவனுடைய போனைத் தண்ணீர் வாளிக்குள் போட்டபோதுகூடச் சிரித்துக்கொண்டிருந்தான். கடைசியில் அவள் துணிந்து பெரிய கேள்வியையே கேட்டாள்.

"எங்களிட்டை இத்தாலிப் பாஸ்போட் இருக்குத்தானே. வாற வருசம் ஜேர்மனிக்கு, அக்காவையளின்ரை இடத்துக்கே போவமோ?"

"ஓம், போவம்."

இந்தக் கேள்விக்காக முன்பொரு முறை இரண்டு கிழமை கதைக்காமல் இருந்தவர்கள் அவர்கள். அனிற்றா அதிகம் யோசிக்கவில்லை. அடுத்த நாளே வீட்டுக்காரரிடம் புதுவருசத்தோடு வீட்டை விடுகிறோம் என்று சொல்லிவிட்டு வந்தாள்.

ஆவணி நடுவில் ஃபெராகோஸ்தோ என்கிற கோடை விடுமுறை வந்தது. அந்த நாட்களில் பலெர்மோவே கதவைப் பூட்டிக்கொண்டு கடலுக்குப் போய்விடும். இனிப்பு விற்கிற கடையும் பூட்டிவிட்டது. இரும்புக் கதவில் மாதம் முடியும்வரை விடுமுறை என்று ஒட்டியிருந்தார்கள். கடைசிப் பைக்கற்றும் முடிந்திருந்த ஜோக்கிம் அதன் முன்னால் கொஞ்சநேரம் நின்றுவிட்டு, இது ஒரு பெரிய காரியமா என்று பஸ் ஏறினான்.

அடுத்த நாள் சட்டை பிழியப் பிழிய வேர்த்தது. பாணைத் தொடாமல் தள்ளி வைத்தான். நித்திரை அறவே இல்லை. கண்ணயர்ந்தாலும் பயங்கரக் கனவுகள். ஃபெராகோஸ்தோ அன்று மொண்டெல்லோவில் மணல் தெரியாத அளவுக்குச் சனம். எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்ற ஜோக்கிம் ஒரு தட்டு மீனைக் கருகவிட்டான். கணவாயைச் செருப்பு வெட்டுவதுபோல வெட்டுகிறாய் என்று தொத்தோவைப் பார்த்துக் கத்தினான். குசினி முழுவதும் திரும்பிப் பார்த்தது. தலைமைச் சமையல்காரர் அவனைப் பின்வளவுக்கு அனுப்பினார்.

தொத்தோவுக்குக் கோபமில்லை. விசயம் விளங்கியிருந்தது. பின்னாலேயே வந்து, தன்னுடைய மின் சிகரெட்டைக் கொடுத்தான்.

"இதுவும் அதே சாமான்தான். இழு."

அதே சாமான் இல்லை. நாலு இழுப்பில் ஜோக்கிமின் நெஞ்சு தறிகெட்டு அடிக்கத் தொடங்கியது. விரல்கள் விறைத்தன. சாகப்போகிறேன் என்று அவனுக்கு உறுதியாகத் தெரிந்தது. மனைவிக்கு போன் எடுத்தான்.

அனிற்றா அப்போது மடுமாதா திருநாள் பூசை முடிந்து கோயில் வளவில் நின்றாள். பூசைக்குப் பகேரியாவிலிருந்து வந்திருந்த ஊர்க்காரன் சுஜீவனின் காரில் அப்படியே, சேலையோடு, மொண்டெல்லோவுக்குப் போனாள். அதற்குள் தொத்தோ அவனைக் கடற்கரை மருத்துவ நிலையத்தில் கொண்டுபோய்ப் படுக்க வைத்திருந்தான். அங்கே இருந்த பெண் டொக்டர் நெஞ்சில் வயர்கள் ஒட்டிப் பார்த்தார். இதயத்துக்கு ஒன்றுமில்லை, ஆனால் வேகமாக அடிக்கிறது என்றார்.

"என்ன எடுத்தீர்கள்?"

"ஒண்டுமில்லை. இனிப்பு மட்டும்தான். இண்டைக்கு இந்தப் புகை."

"என்ன இனிப்பு?" அனிற்றா தமிழில் கேட்டாள்.

ஜோக்கிம் கூரையைப் பார்த்தபடி சொல்லத் தொடங்கினான். அவன் சொல்லச் சொல்ல அனிற்றா மனதுக்குள் மாதங்களைப் பின்னோக்கிப் புரட்டினாள்.

"அப்ப அந்தப் பச்சைப் பெயின்ற்?"

"இனிப்புத்தான்."

"ஜேர்மனி?"

அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

டொக்டர் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். பைக்கற்றில் கனப்பா என்றுதான் போட்டிருக்கும், ஆனால் அந்தச் செடியிலிருந்து எடுத்ததை வைத்து இன்னும் பலமான சரக்கைச் செய்து சேர்ப்பவர்களும் இருக்கிறார்கள், உள்ளே என்ன, எவ்வளவு என்று நம்ப முடியாது என்றார். நாள்தோறும் எடுத்தால் மூளை அதற்குப் பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் வேர்வை, நித்திரையின்மை, எரிச்சல், பசியின்மை எல்லாம் சேர்ந்து வரும்.

"பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் அந்த வேதனை தாங்காமல் கையில் கிடைத்ததை எடுப்பீர்கள். இன்றைக்கு நடந்ததைப் போல."

இனி அந்தப் புகையைத் தொடக்கூடாது. புதுச் சரக்கு எதுவும் வேண்டாம். நித்திரைக்காக வைனோ நித்திரைக் குளிசையோ எடுக்கக்கூடாது. உங்கள் குடும்ப டொக்டரிடம் எல்லாவற்றையும் மறைக்காமல் சொல்லுங்கள் என்றார். நெஞ்சு நொந்தாலோ, மயங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, இல்லாத உருவங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலோ, செத்துவிடலாம்போல இருந்தாலோ யோசிக்காமல் அவசர எண் 112க்கு அடிக்கச் சொன்னார்.

குடும்ப டொக்டர், ஜோக்கிம் பிரசருக்கு எடுக்கிற குளிசையைச் சரிபார்த்துவிட்டு ஒரு வழி சொன்னார். பழகிய இனிப்பையே வைத்துக்கொண்டு கிழமைக்குக் கிழமை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கவேண்டும். முதலில் காலையில் எடுப்பதை நிறுத்துவது; படுக்கப் போகுமுன் எடுப்பது கடைசியில். கஷ்டமான கிழமையில் அதே அளவில் நிற்கலாம், கூட்டக்கூடாது. குறைத்து முடியும்வரை ஸ்கூற்றர் ஓடக்கூடாது, எண்ணெய்ச் சட்டிப் பக்கமும் போகக்கூடாது. தனியாக முடியாவிட்டால் அரசாங்கத்தின் இலவச நிலையம் இருக்கிறது, அங்கே யாரும் குற்றவாளியாகப் பார்க்கமாட்டார்கள் என்றார்.

தொத்தோ தன் வீட்டில் வைத்திருந்த பைக்கற்றுகளைக் கொண்டுவந்து கொடுத்தான். அவை அனிற்றாவின் அலுமாரிக்குள் போயின. ஜோக்கிம் உணவகத்தில் மரக்கறி வெட்டுகிற பக்கத்துக்கு மாறினான்.

புரட்டாதியில் வீட்டில் பழைய ஜோக்கிம் திரும்பி வந்தான், வட்டியும் முதலுமாக. சொதியில் புளி கூட. படிக்கட்டில் பக்கத்து வீட்டு நாய். யார் இந்தச் சுவருக்கு இந்தக் கண்றாவிப் பச்சையை அடித்தது? "நீங்கள்தான்" என்றாள் அனிற்றா. அவன் எழும்பிப் போய்ச் சுவரைத் தடவிப் பார்த்தான். இரவில் படுக்கையில் புரண்டான். வேர்த்த விரிப்புகளை அவள் விடிய மாற்றினாள். மாலையில் இருவரும் கடலோரப் புல்வெளிக்கு நடந்து போனார்கள். நடந்த நாட்களில் கொஞ்சம் நித்திரை வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவன் காலையிலிருந்து வாய் ஓயாமல் முறையிட்டுக்கொண்டிருந்தான். அந்தக் கிழமை அவனுக்கு நாளுக்கு இரண்டு. அனிற்றா அலுமாரியைத் திறந்து நின்றாள். ஒன்று கூடக் கொடுத்தால் வீடு அமைதியாகிவிடும். பூப்போன்ற அந்த மனிசன் மறுபடி கதிரையில் இருந்து சிரிப்பான். அவளுக்கு அந்த மனிசனை உண்மையிலேயே பிடித்திருந்தது. இராச்சாப்பாட்டுக்குப் பிறகு பீரிசுத் தட்டில் மூன்றை வைத்து மேசைக்குக் கொண்டுவந்தாள்.

ஜோக்கிம் பீரிசைப் பார்த்தான். மூன்றையும் விழுங்கிவிட வேண்டும்போல அவனுக்கு வாயூறியது. ஒன்றை விரலால் தள்ளி அவள் பக்கம் விட்டான்.

"பிழையா வைச்சிட்டீர், அனிற்றா."

"பிழையா இல்லை. வேணுமெண்டுதான் வைச்சனான்."

அவளுக்கு அழுகை வந்தது.

"அந்த மாதங்களிலை நீங்கள் என்னோடை ஒருநாளும் கோவிக்கேல்லை. எனக்கு அது சந்தோசமா இருந்தது. நான் என்ன செய்ய?"

"கோவிக்கேல்லைதான்" என்றான் ஜோக்கிம். "ஆனா நீர் கதைச்சதையும் நான் கேக்கேல்லை. எல்லாம் தூரத்திலை றேடியோ படிக்கிற மாதிரி. ஓம் எண்டால் நிப்பாட்டுவீர் எண்டு ஓம் எண்டனான்."

அனிற்றா மூன்றாவது இனிப்பை எடுத்துப் பைக்கற்றுக்குள் போட்டாள். பிறகு முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தாள்.

"சரி, இப்ப கேளுங்கோ. ஜேர்மனிக்கு வாறீங்களோ, இல்லையோ?"

"இல்லை."

"ஏன்?"

"குளிர். பாசை. அதோடை உம்மடை அக்கா."

அன்றிரவு அவர்கள் பிடித்த சண்டை கீழ்த் தளம்வரை கேட்டது. ஆனால் அதன் நடுவில், அவளுக்குத் தமக்கைமேல் அவ்வளவு ஆசையில்லை, வீடு துடைத்துத் துடைத்து முழங்கால் தேய்ந்ததால் அங்கே வேறு வேலை தேடலாம் என்றுதான் கேட்டாள் என்பது வெளியே வந்தது. அது ஜோக்கிமுக்குப் புதுச் செய்தி. அவள் இதை இரண்டு தரம் முன்பே சொல்லியிருக்கிறாள். இரண்டு தரமும் அவன் ஓம் என்றிருக்கிறான்.

அடுத்த கிழமை இருவருமாகப் போய் வீட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்டு வீட்டைத் தக்கவைத்தார்கள். அனிற்றா ஒரு சிஞ்ஞோராவின் வேலையை விட்டு, பள்ளிக்கூடச் சமையலறை ஒன்றில் உட்கார்ந்து செய்யக்கூடிய வேலைக்கு விண்ணப்பித்தாள். ஜேர்மனிக்கு நத்தார்ப் பண்டிகைக்குப் போய் வருவது என்று தீர்மானமானது. பத்து நாளா, ஒரு கிழமையா என்பது தீரவில்லை.

கார்த்திகையில் ஜோக்கிம் கடைசி இனிப்பையும் விட்டான். நித்திரை இன்னமும் முழுதாக வரவில்லை. சில மாலைகளில் நாக்குத் தேடும். அப்படியான ஒரு நாள் தொத்தோ உப்புப் பெட்டிக்குப் பக்கத்தில் வந்து நின்று, எங்கேயோ பார்த்தபடி, ஜோக்கிமின் குடும்ப டொக்டர் எந்த நாளில் இருப்பார் என்று கேட்டான்.

"வியாழன்" என்றான் ஜோக்கிம். "நானும் வாறன். பஸ்ஸிலை போவம்."