இடப்பக்கம் திரும்பிய குண்டு

1978ஆம் வருஷத்து அறிவியல் கண்காட்சிக்கு ராஜமதி டீச்சர் ஓர் இரும்புக் குண்டைத் தொங்கவிட்டாள். அவள் வேலை பார்த்த பெண்கள் பள்ளியில் அதற்குத் தோதான உயரத்தில் கூரை இல்லை. அண்ணன் சாந்திகுமாரின் மல்லாட்டைக் கிடங்கு, நிலக்கடலை அறுவடை வரைக்கும் காலியாகத்தான் கிடக்கும் என்பதால் அங்கே இடம் கேட்டு வாங்கினாள். விளையாட்டு அறையிலிருந்த எறிகுண்டில் லேத் பட்டறை இருசப்பன் ஒரு வளையத்தைப் பற்றவைத்துக் கொடுத்தான். உத்திரத்தில் கொக்கி, அதிலிருந்து முப்பதடிக் கம்பி, நுனியில் குண்டு.

ஆடுகிற குண்டு தன் போக்கிலேயே ஆடிக்கொண்டிருக்க, அடியில் தரை பூமியோடு சேர்ந்து திரும்பும். பார்க்கிறவர்களுக்குக் குண்டுதான் திசை மாறுவதாகத் தெரியும். துருவத்தில் ஒரு நாளில் முழு வட்டம். நிலநடுக்கோட்டில் ஒன்றுமே இல்லை. திருவண்ணாமலையில் மணிக்கு மூன்று டிகிரியும் கொஞ்சமும், அதுவும் வலப்பக்கமாக. ராஜமதி முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

கண்காட்சியன்று வேலூரிலிருந்து கல்வி அதிகாரி வந்திருந்தார். ராஜமதி குண்டைக் கையால் இழுத்து விட்டாள். ஒரு மணி நேரத்தில் அது இருபது டிகிரி திரும்பிவிட்டது. எல்லாரும் கை தட்டினார்கள். "பூமி சுத்துறதை கண்ணாலயே பாத்துட்டேம்மா" என்று சொல்லி, முதல் பரிசு எழுதிக் கொடுத்துவிட்டு அதிகாரி புறப்பட்டார். ராஜமதி தரையில் போட்டிருந்த சாக்பீஸ் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். குண்டு திரும்பியிருந்தது இடப்பக்கம்.

மறுநாள் காலை தலைமை ஆசிரியை ஆதிலட்சுமியிடம் போனாள்.

"நேத்து சுத்துனது பூமி இல்லீங்கம்மா. கொக்கியில கம்பி ஒரு பக்கமா உரசுது. நான் விட்டதும் சரியில்ல. குண்டு கோணிக்கிட்டுப் போயிடுச்சு."

"பூமி சுத்துறது நிஜந்தானே?"

"நிஜந்தாங்க."

"அப்புறம் என்னம்மா? இல்லாததையா காமிச்சோம்?"

ராஜமதிக்கு மாணவிகள் நோட்டில் இருபது டிகிரி என்று எழுதிக்கொண்டு போனது நினைவுக்கு வந்தது.

"இருக்கறதையே தப்பா காமிச்சிட்டேங்க. திரும்ப ஒருவாட்டி காமிக்கணும்."

"ஞாயித்துக்கிழமை வெச்சுக்கோ. வர்றவங்க வரட்டும்" என்று ஆதிலட்சுமி பேச்சை முடித்தார்.

இருசப்பன் கொக்கியைக் கழற்றிவிட்டு, இரண்டு இரும்புப் பட்டைகளுக்கு நடுவில் கம்பியை இறுக்கிப் பிடிக்கவைத்தான். இந்தத் தடவை ராஜமதி குண்டைக் கையால் விடவில்லை. நூலால் தூணோடு இழுத்துக் கட்டி, ஆட்டம் அடங்கும்வரை காத்திருந்து, நூலைத் தீக்குச்சியால் கொளுத்தினாள். நூல் அறுந்ததும் குண்டு நேராகக் கிளம்பியது.

வந்தவர்கள் பதினோரு பெண்கள். அரை மணியில் ஒருத்தி, "அப்படியேதான் இருக்குது டீச்சர்" என்றாள். நாலு பேர் எழுந்து போய்விட்டார்கள். ஒரு மணி நேரம் ஆனபோது கோட்டுக்கும் குண்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விழுந்திருந்தது. வலப்பக்கம்.

இருசப்பன் குந்தி உட்கார்ந்து பார்த்தான். "இவ்ளோதானா டீச்சர்?"

"இவ்ளோதான்."

"கிரிவலம் போற பக்கமா போவுது."

"அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்லப்பா."

"தெரியும். சும்மா சொன்னேன்."

மிச்சமிருந்த ஏழு பேரும் நோட்டில் திருத்திக்கொண்டார்கள். பரிசைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொல்லி ராஜமதி வேலூருக்குக் கடிதம் போட்டாள். பதில் வரவில்லை.

அடுத்தடுத்த ஞாயிறுகளிலும் குண்டை ஆடவிட்டாள். ஒவ்வொரு தடவையும் மூன்று டிகிரியும் கொஞ்சமும்தான் வந்தது. மூன்றாவது ஞாயிறு ஆதிலட்சுமி வந்தார். நாற்காலி போட்டும் உட்காராமல் ஒரு மணி நேரமும் நின்றே பார்த்தார். கடைசியில் குனிந்து அந்த இடைவெளியில் தன் விரல்களை வைத்துப் பார்த்தார்.

"சரி. நாளைக்குப் பிரேயர்ல நீயே சொல்லிடு" என்றார்.

திங்கட்கிழமை ராஜமதி, கண்காட்சியில் காட்டியது தப்பு என்று மொத்தப் பள்ளிக்கும் முன்னால் நாலு நிமிஷம் பேசினாள். யாரும் கேள்வி கேட்கவில்லை. மணி அடித்ததும் எல்லாரும் வகுப்புக்குப் போனார்கள்.