ஏழாம் வகுப்புக்கு வந்த தாத்தாமார்

மன்னாரில் ஒரு பள்ளிக்கூடத்தில், ஏழாம் வகுப்புக்குச் சிங்களப் பாடம் நடக்கும்போது, சொல்லப்பட்டது எதுவோ அது வகுப்புக்குள் வந்துவிடும். பாடம் முடிந்து மணி அடித்தால் போய்விடும். தில்ருக்ஷி ரீச்சர் ‘வெஸ்ஸ’ என்றால் மழை என்று சொன்ன அன்று, கரும்பலகையிலிருந்து கடைசி வாங்கு வரைக்கும் மழை பெய்தது. மைதானத்தில் வெயில் எரித்தது. ‘பூருவா’ என்றால் கழுதை என்றபோது ஒரு கழுதை வந்து நின்றது. அதை மட்டும் யாரும் அதிசயமாக எடுக்கவில்லை. மன்னாரில் கழுதை கூப்பிடாமலே வரும். அதிபர் இராசேஸ்வரி ஒரேயொரு நிபந்தனை போட்டார்: “யானையை மட்டும் வெளியில வைச்சுப் படிப்பியுங்கோ பிள்ளை. கூரை போன வருசந்தான் போட்டது.”

சிங்கள ஊரான மதவாச்சியிலிருந்து நியமனம் பெற்று வந்த தில்ருக்ஷிக்கு யானை பயமில்லை. குடும்பம் என்ற பாடம்தான் பயம். அதன் முதற்சொல் ‘தாத்தா’, சிங்களத்தில் அப்பா. பாப்பாமோட்டை வயற்காரர் வீட்டுப் பிள்ளையான கணக்கு வாத்தியார் பார்த்தீபனைக் கட்டப்போகிறேன் என்று அவள் வீட்டில் சொன்ன அன்று, அவளுடைய அப்பா கிரிபண்டா, “இனி என்னைத் தாத்தா என்று கூப்பிடாதே” என்று சொல்லிவிட்டு வயலுக்குள் இறங்கியவர். அவள் சொல் கேட்கிற பிள்ளை, கூப்பிடவில்லை. அவர் சம்மதம் இல்லாமல் கூறைச்சேலை எடுக்கவும் மனம் வரவில்லை. இப்படி அந்தப் பாடத்தை இரண்டு தவணை தள்ளிப்போட்டுப் பரீட்சையும் கிட்டியபோது பார்த்தீபன் வழி சொன்னான்: “நீங்கள் வாயே திறவாதேங்கோ. பலகையில எழுதிவிடுங்கோ, பிள்ளையள் வாசிக்கட்டும்.” கணக்கு வாத்தியாரின் யோசனை பிழைக்காது என்று அவள் நம்பினாள்.

முதலில் வாசித்தவள் ஷப்னா. அவர்கள் வீட்டில் தாத்தா என்றால் அக்கா. சொல் வாயை விட்டு வெளிக்கிட்டதும், சிலாவத்துறையில் ரொட்டிக்கு மா குழைத்துக்கொண்டிருந்த அவளுடைய மூத்தவள் உம்மு ஸல்மா மாக்கையோடு கதவடியில் நின்றாள். “அடியே, அடுப்புல தாச்சி காயுது, என்னத்துக்குக் கூப்பிட்ட?” அடுத்து றெக்சன். தமிழ்நாட்டில் அகதி முகாமில் வளர்ந்து திரும்பிய அவனுக்குத் தாத்தா என்றால் அம்மாவின் அப்பா. முகாமிலேயே தங்கிவிட்ட விசுவலிங்கத்தார், முழங்கால்வரை கடலில் நனைந்த சாரத்தோடும் கையில் ஆறாத தேத்தண்ணியோடும் வந்து சேர்ந்து, “இவ்வளவு கிட்டவெண்டால் முந்தியே வந்திருப்பனே” என்றார். வகுப்பு இரண்டாகப் பிரிந்தது. “தாத்தா எண்டா அக்காதான்!” என்றாள் ஷப்னா. “லூசு, தாத்தான்னா தாத்தாதான்!” என்றான் றெக்சன். மேசைகள் அதிர்ந்தன. பொறுமை இழந்த தில்ருக்ஷி தன்னை மறந்து கத்தினாள்: “இல்லை பிள்ளையள்! தாத்தா எண்டா அப்பா!”

கிரிபண்டா, மேலுக்கு ஒன்றுமில்லாமல், தோளில் மண்வெட்டியோடும் காலில் சேற்றோடும் வந்து நின்றார். “கூப்பிடாதே என்றேனே” என்றார் சிங்களத்தில். “கூப்பிடவில்லை, படிப்பித்தேன்” என்றாள் மகள். அவர் திரும்பி நடக்க வெளிக்கிட்டார். ஆனால் விருந்தினர் பாடத்தைப் பிள்ளைகள் ஏற்கனவே நன்றாகப் படித்திருந்தார்கள். ஜெனிஸ்ரா கதிரையை இழுத்துப் போட்டு, “வாடிவென்ன” என்றாள். இருங்கோ என்று அர்த்தம். வகுப்பு முழுவதும் ஒரே குரலில், “பத் கேவத?” என்று சோறு சாப்பிட்டாரா என விசாரித்தது. ஒரு வருசமாக அவர் ஆயத்தம் பண்ணி வைத்திருந்த கோப வார்த்தைகளில் ஒன்றுகூட இதற்குப் பதிலாகப் பொருந்தவில்லை. மத்தியான நேரம், வயலில் நின்ற மனிதர். “நே”, இல்லை என்று உண்மையைச் சொல்லிவிட்டுக் கதிரையில் இருந்தார்.

சத்தம் கேட்டு ஓடிவந்த பார்த்தீபன் தன்னுடைய சோற்றுப் பார்சலை அவர் முன்னால் அவிழ்த்தான்: பாப்பாமோட்டை அரிசியும் நண்டுக் கறியும். விசுவலிங்கத்தார் தன் தேத்தண்ணியில் பாதியைக் கொடுத்தார். கிரிபண்டா சோற்றை விரலால் நசித்துப் பார்த்து, அரிசி நல்லது என்பதுபோலத் தலையாட்டினார். மணி அடிக்க நேரம் நெருங்கியது. எதையாவது சொல்லியாக வேண்டும், ஆனால் பார்த்தீபனுக்குத் தெரிந்த சிங்களம் பஸ்ஸில் இறங்கத்தான் போதும். தாத்தா என்று சொன்னால் பாப்பாமோட்டையிலிருந்து யார் வருவாரோ என்றும் பயம். வியர்த்துக்கொட்ட ஒரு சொல்லைச் சொன்னான்: “மாமா.”

பிள்ளைகள் எல்லோரும் கதவைப் பார்த்தார்கள். ஒருவரும் வரவில்லை. அந்தச் சொல் இரண்டு பாஷையிலும் ஒன்றுதான்; வரவேண்டியவர் ஏற்கனவே கதிரையில் இருந்தார். கிரிபண்டா நண்டுக் காலொன்றைக் கடித்து உடைத்து, நன்றாக உறிஞ்சிவிட்டு, மகளிடம் ஏதோ கேட்டார்.

“இன்னும் கறி இருக்கா எண்டு கேக்கிறார்” என்றாள் தில்ருக்ஷி. பிறகு அவர் பக்கம் திரும்பி, “இருக்கு, தாத்தா” என்று சிங்களத்தில் சொன்னாள். கூப்பிடாதே என்று அவர் சொல்லவில்லை. மணி அடித்தது.

அறுவடை முடிந்ததும் கல்யாணம் நடந்தது. இப்போதும் ஏழாம் வகுப்பில் அந்தப் பாடம் வருவதற்கு முதல்நாள் அவள் மதவாச்சிக்குப் போன் எடுத்துச் சொல்லிவிடுவாள். கிரிபண்டா சேட்டுப் போட்டு, தலை சீவி, வரம்பில் குந்தியிருப்பார்.