மாஸ்கோவின் பதில்

சோவியத் நாடே இனி இல்லை என்று பேப்பரில் போட்டு ஒரு மாதம் ஆகிவிட்டது. ஆனாலும் கம்பி வழியாகச் சேதி அடிக்கும் டெலக்ஸ் மெஷினில் ‘நீ யார்?’ பட்டனை நான் அழுத்தியதும், மாஸ்கோ கடகடவென்று பதில் அடித்தது. எங்கள் சரக்கை வாங்கும் கம்பெனியின் பெயர், கடைசியில் அந்த நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. செத்தவர் வீட்டுக்குப் போன் பண்ணி அவரே எடுத்த மாதிரி இருந்தது எனக்கு.

முதலாளி அஸ்மத்துன்னிசாவுக்கோ முகம் மலர்ந்துவிட்டது. தி.நகர் சந்தில் எங்கள் பட்டறை தைத்த தோல் கோட்டெல்லாம் அந்த ஒரு கம்பெனிக்குத்தான் போனது. அங்கே குளிரடித்ததால்தான் இங்கே இருபது வீட்டில் அடுப்பு எரிந்தது.

“பேர் கேட்டா பேர் சொல்றான்ல நீரஜா? அப்ப ஆள் இருக்கான். அடுத்த லாட்டை வெட்டச் சொல்லு.”

“மேடம், அது மனுஷா சொல்றதில்லே. கரண்ட் இருந்தா போறும், மெஷின் தானாச் சொல்லும். அனுப்பின சேதிக்கு ஒண்ணுக்காவது பதில் வந்துதா?”

“மயிலாப்பூர் வாய் உனக்கு,” என்றார். குரலில் கோபமில்லை, கெஞ்சல்தான். எனக்கே பாவமாகிவிட்டது.

கீழே கோடவுனில் கோட்டுகள் சேர்ந்துகொண்டே போயின. மெட்ராஸில் எவனுக்கும் பொருந்தாத ராட்சச அளவு. அவற்றில் பூஞ்சை பூக்கப் பூக்க, தையல்கார ரத்னா துடைத்துக்கொண்டிருந்தாள். அடையாற்றங்கரைக் குடிசையில் மூன்று வயிறு அவள் கையை நம்பி இருந்தது.

“ஆளுங்க முதுகைக் காட்டிக்கினு நிக்கிற மாதிரி கீதுக்கா. நேத்து தொடைச்சிக்கினு இருந்தேன், ஒண்ணு திரும்பிச்சு.”

“போடி, ஃபேன் காத்து.”

அந்த அறையில் ஃபேனே கிடையாது என்பது மாடி ஏறும்போதுதான் உறைத்தது.

சாயங்காலமானால் வந்து நிற்பாள். “மாஸ்கோ இன்னா சொல்லுது? நாளைக்கு வேலை கீதா?” பட்டனை அழுத்துவேன். பெயர் வரும். நிம்மதியாகப் போவாள்.

ஏப்ரலில், கடன் பாக்கிக்காக பேங்க்காரர்கள் கதவைப் பூட்டி அரக்கு முத்திரை வைத்தார்கள். மேடம் யார் முகத்தையும் பார்க்காமல் ஆட்டோ ஏறினார். ரத்னாவும் நானும் மட்டும் வாசலிலேயே நின்றோம். அப்போது மாடியில் மெஷின் ஓடியது.

“உள்ள யாரோ கீறாங்கக்கா.”

யாருமில்லை. சேதி வந்தால் சத்தம் நீளமாகப் போகும். இது சின்னது. எங்கள் கம்பெனி தன் பெயரைச் சொல்லும் சத்தம்.

“மாஸ்கோலேர்ந்து யாரோ பட்டனை அழுத்திக் கேக்கறா ரத்னா. நாம இருக்கோமான்னு.”

அவள் அரக்கைத் தொட்டுவிட்டுக் கையை இழுத்துக்கொண்டாள். “கீறோம்னு சொல்லுக்கா. எப்டியாவது சொல்லு.”

மெஷின் இன்னொரு முறை பெயர் சொல்லிவிட்டு நின்றது. கோடவுன் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். கோட்டுகள் எல்லாம் வாசல் பக்கம் திரும்பியிருந்தன.