கேட்காமல் அழித்தவை

லாரிக்காரர்கள் மத்தியில் அவருக்கு ரேடியோ என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் லைசென்ஸில் மட்டும்தான் இருந்தது. டீசல் போட வண்டியை நிறுத்தினால், டேங்க் நிரம்புவதற்குள் அங்கிருப்பவர்களின் குடும்பக் கதையெல்லாம் அவருக்கு அத்துப்படியாகிவிடும். சரக்கு இறக்கும் கிடங்குகளில் அவர் வண்டி வரிசையின் கடைசியில் நின்றாலும், "ரேடியோவை முதல்ல உள்ள விடுங்கப்பா, இல்லன்னா இங்க ஒருத்தனும் வேலை பாக்க மாட்டான்" என்று காவலாளி சொல்லுவார்.

கல்யாணமான புதிதில் அவர் மனைவிக்கும் அந்தப் பேச்சு பிடித்துத்தான் இருந்தது. போகப் போக அதற்குக் காது கொடுக்க நேரமில்லாமல் போயிற்று. அவள் ஒரு தையல் ஆலையில் சூப்பர்வைசர். நாள் முழுக்க மெஷின் இரைச்சல். தையல் கோணினால் மேலே இருப்பவர்களிடம் அவள் ஏச்சு வாங்க வேண்டும், கீழே இருப்பவர்களிடம் முகச்சுளிப்பு வாங்க வேண்டும். போனை வாசலிலேயே பெட்டியில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். சாப்பாட்டு நேரத்தில் எடுத்துப் பார்த்தால் அவர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்கள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொன்றும் ஒரு பிரசங்கம். வழியில் பார்த்த மேகம், முன்னால் போன வண்டியின் பின்னால் எழுதியிருந்த வாசகம், அவரைத் துரத்திய நாய், அந்த நாயை அவர் சமாதானப்படுத்திய விதம்.

முதல் இரண்டு வார்த்தையைக் கேட்பாள். பிறகு கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பிவிட்டுச் சோற்றில் கை வைப்பாள். சில நாட்கள் அந்த இரண்டு வார்த்தையும் கேட்பதில்லை. கட்டைவிரல் மட்டும் போகும். அவளுடைய போன் பழசு. 'இடம் நிரம்பிவிட்டது' என்று அது அடிக்கடி முரண்டு பிடிக்கும்போது, அவள் கை முதலில் போவது அந்த வாய்ஸ் மெசேஜ்களுக்குத்தான். மொத்தமாகத் தேர்ந்தெடுத்து ஒரே தட்டில் அழித்துவிடுவாள். போன் லேசானது போல இருக்கும். அவளுக்கும்தான்.

ஒரு நாள் காலை கிடங்கில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கியவர், கால் மடங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவள் ஆஸ்பத்திரிக்கு ஓடியபோது அவர் கட்டிலில் கிடந்தார். வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, வலது கை தொங்கிப் போயிருந்தது. ஆனாலும் பேசிக்கொண்டிருந்தார். குழறிக் குழறி நர்ஸுக்கு ஏதோ கதை சொல்லிக்கொண்டிருந்தார். தலைமாட்டில் போன் விடாமல் அடித்தது. லாரி ஓனர், கிடங்குக்காரர், கூட்டாளிகள். ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் அவர் இடது கையை நீட்டினார்.

அவளுக்குப் பயத்தில் கோபம் வந்தது. போனைப் பிடுங்கி, பக்கத்துப் பொத்தானை அழுத்தி, அணைத்துப் பைக்குள் போட்டாள்.

"போதும். கொஞ்ச நேரமாவது வாயை மூடிக்கிட்டுப் படுங்க" என்றாள்.

அவர் அவளைப் பார்த்தார். சொன்னபடியே வாயை மூடிக்கொண்டார். அன்று சாயங்காலத்துக்குள் நோய் முற்றி, பேச்சு அடியோடு போய்விட்டது.

உயிர் பிழைத்தார். வீட்டுக்கு வந்தார். சொல்வது அவருக்குப் புரிந்தது. சிரித்தார், அழுதார், தலையாட்டினார். பேச வாயெடுத்தால் மட்டும் எதுவும் வரவில்லை. வரும் ஒன்றிரண்டும் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் வந்தன. தண்ணீர் வேண்டும் என்று நினைத்து 'டயர்' என்பார், பிறகு தன் மேலேயே எரிச்சல்பட்டு இடது கையால் மெத்தையைக் குத்துவார்.

அவருடைய போனைத் திறக்க வேண்டிய அவசியம் முதலில் சாதாரணமாகத்தான் வந்தது. யார் யாருக்குத் தகவல் சொல்ல வேண்டும், வண்டிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதெல்லாம் அதற்குள்தான் இருந்தன. அவள் போனை உயிர்ப்பித்து, அவருடைய விரலை வைத்துப் பார்த்தாள். 'பேட்டர்ன் போடவும்' என்று ஒன்பது புள்ளிகள் வந்து நின்றன. அவளுக்குத் தெரிந்ததெல்லாம் போட்டுப் பார்த்தாள். பெயரின் முதல் எழுத்து, மகளின் முதல் எழுத்து, பெட்டி, ஏணி. ஒவ்வொரு தவறுக்கும் போன் இன்னும் கொஞ்சம் அதிக நேரம் காத்திருக்கச் சொன்னது. அவர் இடது கையை நீட்டிப் போனைக் கேட்டார். கொடுத்தாள். அவருடைய விரல் புள்ளிகளுக்கு நடுவே வழி தெரியாமல் அலைந்தது. அதுவும் தப்பு.

மகள் கல்லூரி விடுதியிலிருந்து லீவு போட்டு வந்திருந்தாள். "அம்மா, நீ மாத்தி மாத்திப் போடாதே. கடையில குடுத்துப் பாக்கலாம்" என்றாள்.

போன் ரிப்பேர் கடை நடத்துபவள் ஒரு நடுத்தர வயதுப் பெண். போனைத் திருப்பிப் பார்த்துவிட்டு, எத்தனை தடவை போட்டுப் பார்த்தார்கள் என்று கேட்டாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"லாக்கை எடுக்கறது பெரிய விஷயமில்லக்கா. ஆனா உள்ள இருக்கறது மொத்தமும் துடைச்ச மாதிரி போயிடும். துடைச்சிடட்டுமா?"

"போன் நம்பருங்க மட்டும் இருந்தாப் போதும்" என்றாள் மனைவி.

"நம்பருக்காகன்னா சிம்மைக் கழட்டி வேற போன்ல போட்டுக்குங்க. கால் வரும், பேங்க் மெசேஜ் வரும். இதைத் தொடவே வேணாம்."

அப்போதுதான் மகள் குறுக்கே பேசினாள். "உள்ள அப்பாவோட வாய்ஸ் மெசேஜ் இருக்குமா?"

"அனுப்பினவங்க போன்லயும் இருக்கும்மா. அவரே அழிச்சிருந்தாத்தான் இருக்காது. உங்கம்மா போன்லயும் இருக்குமே?"

மகள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். "உன்கிட்ட இருக்குல்ல? அப்பா உனக்குத்தானே நாள் பூரா அனுப்புவாரு. எனக்கு அனுப்புனா கிளாஸ்ல இருக்கேன்னு திட்டுவேன்."

அவள் கடையின் கண்ணாடி அலமாரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே போன் உறைகள் நிறம் நிறமாகத் தொங்கின. கடைக்காரிக்கு ஏதோ புரிந்திருக்க வேண்டும்.

"அப்ப துடைக்க வேணாம். யாராவது டேட்டா போகாம அஞ்சு நிமிஷத்துல திறந்து தர்றேன்னு சொன்னா நம்பிக் குடுத்துடாதீங்க. இந்த மாடல்ல அந்தக் கோடு தெரிஞ்சாத்தான் திறக்கும். இன்னும் கொஞ்ச தடவை தப்பாப் போச்சுன்னா அதுவே அழிச்சாலும் அழிச்சிடும். அந்த மெசேஜ் ஆப்பையும் வேற போன்ல இந்த நம்பர் போட்டுத் திறக்காதீங்க. சிக்கலாயிடும்."

"அவரு விரலை வச்சேன், எடுக்கலையே" என்றாள் அவள்.

"ஆஃப் பண்ணி ஆன் பண்ணுனீங்களா? ஆஃப் பண்ணிட்டா முதல் தடவை பேட்டர்ன்தான் கேக்கும். ஆஃப் பண்ணாம இருந்திருந்தா அன்னிக்கே விரலை வச்சுத் திறந்திருக்கலாம்."

கடைக்காரி சாதாரணமாகத்தான் சொன்னாள். கேட்டவள் வீட்டுக்கு வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதாள். வாயை மூடுங்கள் என்று சொன்ன வாயையும், பொத்தானை அழுத்திய விரலையும் என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

பேச்சுப் பயிற்சி கொடுக்க வருபவரிடம் மகள்தான் விஷயத்தைச் சொன்னாள். அவர் நிதானமான மனுஷி. "அது என்ன வடிவம்னு அவரைக் கேக்காதீங்க. கேட்டா யோசிப்பாரு, யோசிச்சா குழம்பும். தினம் போடறது அது. புத்திக்குத் தெரியாட்டியும் கைக்குத் தெரிஞ்சிருக்கலாம். எந்தக் கையால போடுவாரு?"

"வலது கட்டைவிரல்" என்றாள் மனைவி. பேச்சைத்தான் கவனித்ததில்லை, டீசல் பிசுக்கில் ரேகை எடுக்காத அந்தக் கையை அவள் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறாள்.

"அப்ப அந்தக் கை கொஞ்சம் தேறட்டும். அதுவரைக்கும் நிஜப் போனைக் கண்ணுல காட்டாதீங்க."

கை மெல்லத் தேறியது. முதலில் கட்டைவிரல் அசைந்தது. பிறகு பஞ்சுருண்டையைப் பிடிக்க முடிந்தது. கடைக்காரி அதே அளவில் ஒரு பழைய போனைக் கொடுத்திருந்தாள். அதில் என்ன வரைந்தாலும் ஒன்றும் ஆகாது, வரைந்த கோடு மட்டும் தெரியும். தினமும் காலையில் மனைவி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மணிக்கட்டைத் தன் உள்ளங்கையில் தாங்கி, அந்தப் போனை அவர் விரலுக்கடியில் வைப்பாள். அப்போது வேறு எதையாவது பேச வேண்டும் என்பது பயிற்சிக்காரரின் உத்தரவு. எனவே வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவள் பேசினாள், அவர் கேட்டார். ஆலையில் எந்த மெஷின் ரிப்பேர், யார் யாரோடு பேசுவதில்லை, மேனேஜரின் புதுக் கண்ணாடி எப்படி மூக்கிலிருந்து வழுக்குகிறது. அவர் சிரித்தார். சிரித்துக்கொண்டிருந்தபோது ஒரு நாள் கட்டைவிரல் மேலிருந்து இறங்கி, பக்கவாட்டில் போய், குறுக்கே ஏறியது.

மறுநாளும் அதே கோடு. அதற்கடுத்த நாளும். ஒரு நாள் நடுவில் நழுவியது, ஆனால் போக நினைத்த வழி அதுதான்.

"இதுதாம்மா. நிஜத்துல போட்டுடலாம்" என்றாள் அந்த வார விடுமுறைக்கு வந்த மகள்.

"கை நடுங்கிச்சுன்னா?"

"நீ பிடிச்சுக்கோ."

நிஜப் போனை எடுத்து வந்தார்கள். அவள் அவருடைய கையைத் தாங்கினாள். கட்டைவிரல் இறங்கி, நகர்ந்து, குறுக்கே ஏறியது. புள்ளிகள் மறைந்தன. கல்லூரியில் சேர்ந்த அன்று எடுத்த மகளின் படம் திரை நிறைய வந்து நின்றது. மகள் கத்திய கத்தலில் எதிர்வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார். ரேடியோ தன் கட்டைவிரலைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்.

மகள் காரியமே கண்ணாக முதலில் எல்லாவற்றையும் தன் கம்ப்யூட்டருக்கு நகல் எடுத்தாள். பிறகு எதிர்வீட்டுக்காரருக்கு விஷயத்தைச் சொல்லப் போனாள். மனைவி போனை மடியில் வைத்துக்கொண்டு கணவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். எல்லா மெசேஜ்களும் இருந்தன. கீழிருந்து மேலே தள்ளினாள். நீளம் நீளமாக அவருடைய பேச்சு. ஒவ்வொன்றுக்கும் அடியில் அவளுடைய கட்டைவிரல். எங்கே ஆரம்பிப்பதென்று தெரியாமல், அவர் விழுவதற்குச் சில நாட்கள் முன்னால் வந்த ஒன்றைத் தொட்டாள்.

"ஏய், சாப்பிட்டியா? நான் இப்பத்தான் வண்டியை ஓரங்கட்டினேன். ஒண்ணு சொல்லணும், பயப்படாதே. இந்த வலது கை ரெண்டு மூணு நாளா அப்பப்ப மரத்துப் போகுது. ஸ்டியரிங்கை விட்டு நழுவுது. கொஞ்ச நேரத்துல தானா சரியாயிடுது. இன்னிக்கு வாய் கூட ஒரு மாதிரி கோணிக்கிச்சு. கண்ணாடியில பாத்து நானே சிரிச்சுட்டேன், யாருடா இவன்னு. வந்ததும் டாக்டர்கிட்ட காட்டலாமா? நீ சொல்லு. நீ விரட்டினாத்தான் நான் போவேன், இல்லன்னா அப்படியே விட்டுருவேன்னு உனக்கே தெரியும்..."

பேச்சு அதோடு நிற்கவில்லை. வேறு எதற்கோ தாவி, ஏதோ ஒரு பாலத்தைப் பற்றிப் போய்க்கொண்டே இருந்தது. அவள் காதில் எதுவும் ஏறவில்லை. அதற்கு அடியிலும் ஒரு கட்டைவிரல் இருந்தது. அந்த முறை வீட்டுக்கு வந்தபோது அவர் கையை ஆட்டிக் காட்டி, "இப்பப் பரவாயில்ல" என்றது நினைவுக்கு வந்தது. எது பரவாயில்லை என்று அவள் கேட்கவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தாள். "சரி, சரி" என்றிருந்தாள்.

நிமிர்ந்தாள். அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நான் கேக்கலைங்க" என்றாள். "இதை மட்டுமில்ல. எதையுமே முழுசாக் கேக்கலை. கேக்காமலே கட்டைவிரல் போட்டேன். கேக்காமலே அழிச்சேன்."

அவர் வாய் திறந்தது. ஏதோ சொல்ல வந்தது போலிருந்தது. பிறகு மூடிக்கொண்டு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். அன்று மத்தியானம் அவள் ஊட்டப் போனபோது தலையை அசைத்து மறுத்துவிட்டார். மகள் ஊட்டினாள். என்ன நடந்தது என்று மகள் கேட்டாள், அவள் ஒளிக்கவில்லை. மகள் தட்டைக் கழுவ எழுந்து போனாள். ஏதாவது திட்டியிருந்தால் தேவலை என்றிருந்தது.

பிறகொரு நாள் டாக்டரிடம் தனியாகப் போய்க் கேட்டாள். அன்றைக்கே கூட்டி வந்திருந்தால் இப்படி ஆகாமல் தடுத்திருக்கலாமா என்று. டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "தடுத்திருக்கலாம். தடுக்க முடியாமலும் போயிருக்கலாம். உறுதியா யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். ஆமாம் என்றோ இல்லை என்றோ சொல்லியிருந்தால் அதைச் சுமந்துகொண்டு நடந்திருப்பாள். இதை எந்தத் தோளில் போடுவது என்று தெரியாமல் வீட்டுக்கு வந்தாள்.

அவர் கோபம் நெடுநாள் இருக்கவில்லை. அவருக்கு அது வராது. அதுதான் அவளை இன்னும் வாட்டியது. மற்ற மெசேஜ்களை அவள் வேலை முடிந்து வந்து ஒவ்வொன்றாக, கடைசி வார்த்தை வரை கேட்டாள். கேட்கும்போது சில நாட்கள் அவர் கைத்தடியை ஊன்றிக்கொண்டு வந்து பக்கத்து நாற்காலியில் உட்காருவார். நாயைச் சமாதானப்படுத்திய கதை வந்தபோது இருவரும் சேர்ந்து சிரித்தார்கள். சிரித்து முடித்ததும், இதை அன்றே கேட்டுவிட்டு அன்றே சிரித்திருக்கலாமே என்று அவளுக்குத் தோன்றியது. அந்த ஒரு மெசேஜை மட்டும் அவள் மறுபடி தொடவில்லை. அழிக்கவும் இல்லை.

வண்டி ஓட்டுவது அதோடு சரி. பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பியது. முழு வாக்கியம் இன்னும் வரவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தபோது, அவர் எதற்கோ வாயெடுத்தார். அவள் கையிலிருந்த சட்டையைக் கீழே வைத்தாள். அவர் நெற்றி சுருங்கியது, உதடு குவிந்தது, விரிந்தது. என்ன சொல்ல வருகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"ஜன்... ஜன்னல்" என்றார் கடைசியில்.

அவள் எழுந்து போய் ஜன்னலைத் திறந்துவிட்டு வந்து உட்கார்ந்தாள்.