மகாராணியின் நூல்களுக்குள்

“சாகாது மாப்ள. அதுக்கு விஷம் ஏறாது.”

“ஏறும் மச்சான். மத்த மீனைவிடக் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான். மிச்சமெல்லாம் விலகிப் போற சாமர்த்தியம். இந்தக் கண்ணாடிக்குள்ள எங்க விலகும்?”

“நீங்க இல்லையா எங்க வீட்டு மாடி ரூம்ல? நல்லாத்தானே உடம்பு போட்டிருக்கீங்க?”

பம்ப் மெக்கானிக் குனிந்தபடியே சிரித்தான். டிக்கெட் மேசையில் இருந்த மாப்பிள்ளையின் மனைவியும் சிரித்தாள். அண்ணன் வாயைத் திறக்கும்போதே சிரிக்கத் தயாராகிவிடும் முகம் அவளுக்கு. கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. சின்ன வயதிலிருந்து அந்த வீட்டில் அவள் அப்படித்தான் தப்பித்து வந்திருக்கிறாள்.

நடுக்கடலில் ஓர் ஆராய்ச்சிக் கப்பலில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன் அவள் கணவன். கப்பலை விற்றுவிட்டார்கள். மாமனார் விட்டுப்போன மீன் காட்சிசாலையில் மச்சான் வேலை கொடுத்தார், மாடியில் ஓர் அறையும் கொடுத்தார். இரண்டையும் சாப்பாட்டு வேளைகளில் நினைவுபடுத்தினார். கடலிலிருந்து கொண்டுவந்த மிதவை உயிருக்கு ‘மகாராணி’ என்று பெயர் வைத்தவரும் அவர்தான். நீலக் காற்றுப்பை ஒன்று, அதன் அடியில் தொங்கும், தொட்டால் விஷம் ஏற்றும் கொடுக்கு நூல்கள். அந்த நூல்களுக்கு நடுவே குடியிருக்கும் விரல் நீள மீனுக்கு ‘வீட்டோட மாப்பிள்ளை’. வாசல் பலகையிலேயே எழுதி வைத்துவிட்டார்.

வெள்ளி உடம்பில் நீலப் பட்டைகள் கொண்ட மீன் அது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் நூல்களில் ஒன்றாகவே தெரியும். பெரிய மீன்கள் அங்கே துரத்தி வராது. காற்றுப்பைக்கு அடியில் கொடுக்குக் குறைந்த இடமாகப் பார்த்து ஒதுங்கி, தனக்கு நிழல் தருபவளின் சின்ன நூல்களையே கடித்துத் தின்னும். நெளிவதற்கென்றே முதுகெலும்பில் கூடுதல் கணுக்கள். வளர்ந்ததும் ஒருநாள் அவளை விட்டு ஆழத்துக்கு இறங்கிவிடும். கீழே அது எப்படிப் பிழைக்கிறது என்று யாரும் சரியாகப் பார்த்ததில்லை. இந்தக் கடைசிச் செய்தியை மட்டும் அவன் மனைவியிடம் பலமுறை சொல்லியிருந்தான். “அங்க போய் என்னத்தைச் சாப்பிடுமாம்?” என்று கேட்டுவிட்டு அவள் திரும்பிப் படுத்துக்கொள்வாள்.

மகாராணி அதுவரை அகன்ற வட்டத் தொட்டியில் இருந்தாள். பின்வரிசைக்குத் தெரியவில்லை என்று மச்சான் ஒல்லியான கண்ணாடித் தொட்டி கேட்டார். ஒட்டியது அவன்தான். மீனுக்கு இடம் போதாது என்று தெரிந்துகொண்டே ஒட்டினான். ஓரங்களில் பிதுங்கிய பசையைக்கூட நேர்த்தியாக வழித்தெடுத்தான். சொன்ன வேலையைச் சுத்தமாக முடித்துவிட்டால் ஏச்சுக் குறையும் என்று ஒரு நப்பாசை.

கூட்டம் உள்ளே வந்ததும் மனைவி மைக்கை எடுத்தாள். அண்ணன் சொல்லிக்கொடுத்ததை அப்படியே சொன்னாள்.

“விஷமெல்லாம் நம்ம மாப்பிள்ளைக்குத் தூசி! மானம் ரோஷம் பாக்காம எப்படி ஒட்டிக்கிட்டு இருக்கார், பாருங்க!”

சிரிப்பு எழுந்தது. பம்ப் கிளப்பிய சுழலில் நூல்கள் கண்ணாடியில் மோதித் திரும்பி வந்தன. மீன் ஒன்றுக்கு வளைந்தது, அடுத்ததற்கு வளைந்தது, பின்னால் நகர்ந்து கண்ணாடியில் இடித்துக்கொண்டது. அப்போது ஒரு நூல் வாலைத் தொட்டது. பின்பாதி உடம்பு குச்சிபோல் விறைத்துப்போக, முன்பாதி மட்டும் துடுப்படித்தது.

“தூங்குதும்மா,” என்றது ஒரு குழந்தை.

“பம்பை இன்னும் கூட்டுப்பா,” என்றார் மச்சான். “ராணி சாப்பிடுறதையும் ஜனங்க பாக்கட்டும்.” மெக்கானிக் திருகினான்.

“சாகாதுன்னீங்களே மச்சான்?”

“இது போனா இன்னொண்ணு கிடைக்காமலா போயிடும், மாப்ள?”

சொல்லிவிட்டுத் தங்கையைப் பார்த்துக் கண்ணடித்தார். அவள் உதடுகள் விரியத் தொடங்கின. அவன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் போய், அவள் கையிலிருந்த மைக்கை விரலால் அணைத்தான்.

“பம்பை நிறுத்தச் சொல்லு. நான் சொன்னா கேக்க மாட்டார்.”

அவள் அண்ணன் பக்கம் பார்த்தாள். பாதி விரிந்த சிரிப்பு முகத்தில் அப்படியே நின்றது. கண்ணாடிக்குப் பின்னால் அந்த நூல் மெல்ல மெல்லச் சுருங்கி, மீனை மேலே இழுத்துக்கொண்டிருந்தது. அதன் துடுப்பு இன்னும் அசைந்தது.

“எனக்காக அவர்கிட்ட நீ வாயே திறந்ததில்ல. இந்த ஒரு தடவை, ஒரே ஒரு வார்த்தை சொல்லேன்.”