ஆறாம் படுக்கையின் எடை

ஏகாதசி விரதம் என்று சொல்லிக்கொண்டு சாரங் இரண்டாவது தட்டு ஜவ்வரிசிக் கிச்சடியைத் தின்றுகொண்டிருந்தான்.

"உன் விரதத்தைப் பாத்தா அந்தப் பண்டரிபுரத்து விட்டலனுக்கே பசியெடுக்கும்," என்றாள் கேதகி.

"ஏகாதசின்னா ரெட்டைச் சாப்பாடுன்னு மராட்டில பழமொழியே இருக்கு. நீ ஸ்க்ரீனைப் பாரு."

புனேயின் எரண்ட்வணே பகுதியில் ஒரு மாடியில் அவர்களுடைய சிறிய அலுவலகம் இருந்தது. பின்தெருவிலிருந்த ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு அவர்கள் எழுதிய மென்பொருள்தான் ஓடிக்கொண்டிருந்தது. நர்ஸ் நோயாளியின் எடையைப் பதிந்தால், வலி மருந்து முதல் பி.பி. மருந்து வரை மணிக்கு எவ்வளவு இறங்க வேண்டும் என்று அது கணக்கிட்டு, மருந்து செலுத்தும் பம்புக்குச் சொல்லும். அங்கே பதிவாவதெல்லாம் இவர்களுடைய ஸ்க்ரீனிலும் தெரியும்.

அந்தக் கணக்கைப் போடும் நிரல் துண்டை, அதாவது ஆப்ஜெக்டை, யாரும் கையால் உருவாக்குவதில்லை. வேண்டும் என்று கேட்டால் போதும், நிரலுக்கு அடித்தளமான ஃபிரேம்வொர்க்கே புதிதாக ஒன்றைச் செய்து கொடுத்துவிடும். ஆனால் ஒவ்வொரு முறையும் மருந்துப் பட்டியல் முழுவதையும் அது படித்ததால் திரை திணறியது. நர்சுகள் முணுமுணுத்தார்கள். அதனால் உருவாக்கும் வேலையைக் கேதகி தன் கைக்கு எடுத்துக்கொண்டாள். ஒரு படுக்கைக்கு ஒருமுறை செய்த ஆப்ஜெக்டை வைத்திருந்து, மறுபடி கேட்டால் அதையே கொடுக்கும்படி எழுதினாள். அன்று காலையில்தான் அந்த மாற்றம் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தது. திரையின் திணறல் போய்விட்டது.

"ஆறாம் பெட்ல ஆள் மாறியாச்சு," என்றான் சாரங். "காலைல இருந்த தடியரை வார்டுக்கு அனுப்பிட்டாங்க. இப்ப ஒரு குழந்தை. பன்னெண்டு கிலோ." கரண்டி வாய்க்குப் போகாமல் நின்றது. "கேதகி, குழந்தைக்கு இவ்வளவு மருந்து போகுமா?"

அவள் எழுந்து வந்து பார்த்தாள். எடை பன்னிரண்டு என்றுதான் திரை காட்டியது. ஆனால் கணக்கிடும் ஆப்ஜெக்ட் காலையில் உருவானது. உருவானபோது எந்த எடையை வாங்கிக்கொண்டதோ, அதோடுதான் அது இன்னும் இருந்தது. எண்பது கிலோ. படுக்கை அதே படுக்கை என்பதால் நிரல் பழையதையே எடுத்துக் கொடுத்திருந்தது, அவள் எழுதியபடியே.

சாரங்கின் பக்கம் திரும்பினாள்.

"ஐ.சி.யூ.வுக்குப் போன் போடு," என்றாள்.

"எங்கேஜ்டா இருக்கு."

"போட்டுக்கிட்டே இரு."

"சர்வரை நிறுத்திடவா?"

"வேணாம். எல்லா பம்பும் ஒண்ணா நின்னுடும். அங்க பி.பி. மருந்துல உயிரைப் பிடிச்சிட்டிருக்கறவங்க இருக்காங்க. நான் போய்ச் சொன்னப்புறம் நிறுத்து."

செருப்பைக்கூட மாட்டாமல் படியிறங்கினாள். ஆஷாட மாதத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. தெருவைக் கடக்கையில் ஒரு ரிக்‌ஷாக்காரன் மராட்டியில் திட்டினான். ஓடும்போது வேறெதுவும் நினைவில்லை. பன்னிரண்டு, எண்பது என்ற இரண்டு எண்கள் மட்டும் மண்டைக்குள் அடித்துக்கொண்டிருந்தன.

தீவிரப் பிரிவின் வாசலில் காவலாளி காம்ப்ளே கையை நீட்டி மறித்தார். "பாக்கற நேரம் சாயங்காலம்தான்மா. காலெல்லாம் சேறு வேற."

"காம்ப்ளே காகா, உள்ள ஒரு குழந்தைக்கு மருந்து அதிகமாப் போயிட்டிருக்கு. என்னை விட வேணாம். சிஸ்டரை மட்டும் கூப்பிடுங்க."

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கதவைத் திறந்துவிட்டார்.

சிஸ்டர் வாக்மாரே போனைக் காதுக்கும் தோளுக்கும் இடையில் இடுக்கியபடி ரத்த வங்கியோடு பேசிக்கொண்டிருந்தாள். "ஆறாம் பெட் பம்பை நிறுத்துங்க, எடை தப்பு," என்று கேதகி சொன்னதும் போன் கீழே விழுந்தது. சிஸ்டர் பம்பை நிறுத்திக் குழாயை அடைத்தாள். குழந்தையின் உதடு நீலம் பாரித்திருந்தது. மார்பு எழும்பவேயில்லை போலிருந்தது. பிறகு, வெகுநேரம் கழித்து, ஒருமுறை எழும்பியது.

டாக்டர் பெண்ட்சே ஓடி வந்தார். முகமூடியை வைத்து மூச்சுப் பையை அழுத்தினார், மருந்தை முறிக்கும் ஊசி கேட்டார். கேதகி சுவரோடு ஒட்டி நின்றாள். அந்தச் சிறிய மார்பிலிருந்து கண்ணை எடுத்தால் அது நின்றுவிடும் என்று தோன்றியது.

குழந்தை முனகியது. பிறகு கரகரத்த குரலில் அழுதது.

டாக்டர் அப்போதுதான் திரும்பினார். "நீங்க யாரு?"

"கணக்குப் போடற நிரலை எழுதினவ. தப்பு என்னுதுதான்."

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் கேட்டது அதைவிடப் பயங்கரமாக இருந்தது. "மத்த பெட்லாம்?"

அவளுக்கு அதுவரை அது உறைக்கவேயில்லை. "காலைலேர்ந்து ஆள் மாறின பெட்டு எது எது சிஸ்டர்?"

"மூணாம் பெட் மட்டும்."

மூன்றாம் படுக்கையில் வாட்டசாட்டமான ஒரு மனிதர் வியர்வையில் நனைந்து கிடந்தார். அவருக்கு முன் அங்கே இருந்தவள் ஒரு மெலிந்த கிழவி. அவளுக்கான அளவுதான் இவருக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"மத்தியானத்துலேர்ந்து வலிக்குதுன்னு கத்தறேன்," என்றார் அவர். "ஆம்பளை, கொஞ்சம் பொறுத்துக்கோன்னாங்க."

சிஸ்டர் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பம்பும் நிற்காதபடி நர்சுகள் ஒவ்வொன்றாகக் கைக்கணக்குக்கு மாற்றி முடித்ததும் கேதகி சாரங்கை அழைத்தாள். "இப்ப நிறுத்து."

"குழந்தை?"

அவள் போனை அழுகைச் சத்தத்தின் பக்கமாகத் திருப்பிப் பிடித்தாள்.

ஆஸ்பத்திரி அந்த மென்பொருளைத் திருப்பியனுப்பிவிட்டது. விசாரணையில் எதையும் மறைக்காமல் கேதகி சொன்னாள். குழந்தை தேறி வீட்டுக்குப் போனது. அதற்கு முன் அதன் தாயைப் பார்த்து நடந்ததைச் சொல்ல அவள் போனாள். அந்தப் பெண் கடைசிவரை கேட்டாள். திட்டவில்லை, மன்னிக்கவுமில்லை. குழந்தையை மடியில் இன்னும் இறுக்கிக்கொண்டு, "இப்ப நீங்க போங்க," என்று மட்டும் சொன்னாள்.